சென்னை வால்டாக்ஸ் ரோடு பக்கம் தெருவில் படுப்பவர்களைக் கணக்கெடுக்கப் போனோம், முதல் நாளே தப்பாகிவிட்டது. வழி சொல்லுங்கள்

கேட்டவர்: மின்ட் வாசகன்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் எட்டுப் பேர். மாதம் ஒரு புத்தகத்தைப் படித்துப் பேசுகிற சின்ன வாசகர் வட்டம், அவ்வளவுதான். போன ஐப்பசி மழையில் ஒருநாள் கூட்டம் முடிந்து இரவு பத்தரைக்கு மின்ட் தெரு வழியாக வால்டாக்ஸ் ரோடுக்கு நடந்து வந்தோம். மூடிய கடைகளின் வாசல்களில் குடும்பம் குடும்பமாகத் தார்ப்பாயைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மா மடியில் கைக்குழந்தை. "இவங்க எத்தனை பேருன்னு யாருகிட்டயாவது கணக்கு இருக்குமா?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. நாமே எடுக்கலாம் என்று முடிவு செய்தோம்.

42 கேள்விகளுடன் படிவம் தயார் செய்தோம். பெயர், சொந்த ஊர், வருமானம், ஆதார் எண், என்ன உதவி தேவை என்று எல்லாமே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்குப் போனோம். கிடைத்தவர்கள் 11 பேர்! இரவில் நாங்கள் பார்த்தது நிச்சயம் நூற்றுக்கு மேல் இருக்கும். அந்த 11 பேரில் நான்கு பேர் பேச மறுத்துவிட்டார்கள். பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு ஆயா என் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, "பேரு எழுதிக்கினு போவீங்கோ. அப்பால லாரி வரும்" என்றார். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.

எந்த நேரம் போக வேண்டும், என்ன கேட்க வேண்டும், கேட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். பாதியில் விட எங்களுக்கு மனசில்லை.

பதில்: வக்கீல் குமாஸ்தா

சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், பின்னால் மனு எழுதும்போது உதவும்.

நீங்கள் எடுப்பது புதுசு இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 ராத்திரியை வீடற்றவர்களுக்கென்றே ஒதுக்கி எண்ணினார்கள். நாடு முழுக்க சுமார் 17.7 லட்சம் பேர் என்று வந்தது. ரோட்டோரம், நடைபாதை, மேம்பாலத்தடி, மாடிப்படிக்கு அடியில், கோயில் வாசல், ரயில்வே பிளாட்பாரம், பெரிய சிமெண்ட் குழாய் என்று இடங்களைப் பெயர் சொல்லியே அந்த வரையறையில் வைத்திருந்தார்கள். ஒரே ராத்திரியில் ஒரு நாட்டையே எண்ணினால் விடுபட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

2001ல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் போட்ட உணவுரிமை வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2010ல் உச்ச நீதிமன்றம் வீடற்றோர் காப்பகங்களைப் பற்றி உத்தரவுகள் போட்டது. பிறகு 2013ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் இது திட்டமாகவே வந்துவிட்டது. அதில் வைத்த அளவு: 1 லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் நிரந்தரக் காப்பகம், ஆளுக்கு 50 சதுர அடி இடம். 2011 கணக்கில் சென்னை மாவட்ட மக்கள்தொகை 46 லட்சம். அந்த அளவுப்படி 4,600 பேருக்கு இடம் இருந்திருக்க வேண்டும். உங்கள் மண்டலத்தில் எத்தனை இடம் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். நீங்கள் கணக்கு முடிக்கும்போது பதிலும் கையில் இருக்கும்.

ஆதார் எண்ணை எழுதவே எழுதாதீர்கள்.

பதில்: சத்துணவு டீச்சர்

தம்பி, அந்த ஆயா சொன்னதைக் கேட்டுக் கோபப்படாமல் இங்கே வந்து எழுதினீர்களே, அதுவே எனக்கு நிம்மதி. நான் ஜார்ஜ் டவுனில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் 22 வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். என் தட்டில் சாப்பிட்ட பிள்ளைகளில் பாதிப் பேர் தெருவிலிருந்து வந்தவர்கள். வேலையில் இருக்கும்போதும் பிறகும் மூன்று கணக்கெடுப்புகளில் நடந்திருக்கிறேன். மூன்றிலும் தப்பு செய்துதான் கற்றுக்கொண்டோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரம். காலை 9 மணிக்கு அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும் முன்னே பாய், தார்ப்பாய், சட்டி எல்லாம் சுருட்டி ஓரம் கட்டியாக வேண்டும். ஆண்கள் லோடு இறக்கவும் மீன்பாடி வண்டி (சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி) மிதிக்கவும் விடிவதற்குள் போய்விடுவார்கள். உங்களுக்குக் கிடைத்த 11 பேர் வேலைக்குப் போக முடியாதவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அதை வைத்து "இங்கே எல்லாரும் வயசானவங்க, நோயாளிங்க" என்று எழுதியிருந்தால் அது பொய்க் கணக்கு ஆகியிருக்கும்.

எண்ணுவதையும் பேசுவதையும் பிரித்துவிடுங்கள். நாங்கள் செய்த முதல் தப்பு இரண்டையும் ஒன்றாகச் செய்ததுதான். எண்ணிக்கை இரவு 11 மணிக்கு மேல், லோடு லாரிகள் வரத் தொடங்குவதற்கு முன். தூங்குகிறவரை எழுப்பக் கூடாது, முகத்தில் டார்ச் அடிக்கக் கூடாது. ஆண், பெண், குழந்தை, முதியவர் என்று நான்கு கட்டம் போட்ட சின்னத் தாள் போதும். பெயர் வேண்டாம். ஒரே தெருவை இரண்டு ஜோடிகள் தனித்தனியாக எண்ண வேண்டும், ஒருவர் கணக்கை ஒருவர் பார்க்கக் கூடாது. ஒரு தடவை ஒரே சந்தில் எங்கள் ஜோடிக்கு 37, அடுத்த ஜோடிக்கு 52. திரும்பப் போய்ப் பார்த்தால், நிறுத்தி வைத்த மீன்பாடி வண்டிகளின் பலகை மேல் போர்த்திக்கொண்டு ஆட்கள் தூங்குகிறார்கள். நாங்கள் அதைச் சரக்கு மூட்டை என்று நினைத்து நடந்துவிட்டோம். லாரிக்கு அடியிலும் நான்கு பேர் படுத்திருந்தார்கள்.

எண்ணிக்கையில் பெரும்பாலும் விடுபடுகிறவர்கள் தனியாக இருக்கிற பெண்கள். அவர்கள் இருட்டில் படுக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரி வாசல், ஏ.டி.எம். வெளிச்சம், சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஆள் நடமாட்டம் இருக்கிற இடமாகப் பார்த்துப் பயணி மாதிரி பையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். ராத்திரி விழித்திருந்து பகலில் கோயில் மண்டபத்தில் தூங்குகிற அம்மாவை எனக்கே தெரியும். ராத்திரி மட்டும் எண்ணினால் அவர் உங்கள் கணக்கில் வரவே மாட்டார்.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் படுத்திருப்பவர்களில் வெளியூர் நோயாளிகளின் உறவினர்களும் இருப்பார்கள். அவர்களுக்கும் இடம் வேண்டும், ஆனால் வேறு மாதிரி. தனிக் கட்டத்தில் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் நாங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நேத்து ராத்திரி நீங்க நெனச்சிருந்தா இந்த ஊர்ல வேற எங்கயாவது போய்ப் படுத்திருக்க முடியுமா?"

பேசுவதற்கு நல்ல நேரம் மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு. அந்த நேரத்தில் பெண்கள் உட்கார்ந்து பூண்டு உரிப்பார்கள், பூ கட்டுவார்கள். நீங்களும் கீழே உட்காருங்கள். கையில் தாள் வேண்டாம், பேசி முடித்து வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம். சும்மா உட்காராமல் நானும் நான்கு பூண்டு உரிப்பேன். நகக்கண் எரியும். அந்த எரிச்சலோடு தினமும் எத்தனை கிலோ உரிக்கிறார்கள் என்று கேட்டால் உண்மையான பதில் வரும்.

"சொந்த ஊர் எது?" என்று கேட்காதீர்கள். அந்த நடைபாதையில் மூன்றாம் தலைமுறையாகப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு பாட்டி என்னைத் திருப்பிக் கேட்டார்: "எங்க அம்மா இந்தக் கம்பத்தாண்டதான் என்னப் பெத்துச்சு. நீ எப்போமா மெட்ராஸ் வந்த?" நான் திண்டிவனத்திலிருந்து வந்தவள். எனக்கு இந்த ஊரில் இருப்பது 30 வருஷம்தான்.

இப்போது முக்கியமான விஷயம். "என்ன உதவி வேணும்?" என்ற கேள்வியைத் தூக்கிவிடுங்கள். அந்தக் கேள்விக்கு, கேட்கிறவரால் கொடுக்க முடிவதைத்தான் சொல்வார்கள். நம்மைப் போன்ற ஆட்களைப் பார்த்தால் போர்வை என்பார்கள். கட்சிக்காரரைப் பார்த்தால் வீடு என்பார்கள். எங்கள் இரண்டாவது கணக்கெடுப்பில் பாதிக்கு மேல் "போர்வை" என்று வந்தது. நாங்களும் நம்பி, அலைந்து திரட்டிப் போர்வை கொடுத்தோம். அவர்களிடம் ஏற்கெனவே ஆளுக்கு இரண்டு இருந்தது, வேறு யார் யாரோ கொடுத்தது.

மூன்றாவது தடவை அந்தக் கேள்விக்குப் பதிலாக "நேத்து எழுந்ததுலருந்து படுக்கிற வரைக்கும் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டோம். போர்வை கேட்ட அதே பெண், முப்பது வயசு இருக்கும், இரண்டு பிள்ளைகள். நேற்றைச் சொல்லிக்கொண்டே வந்தவர், "மத்தியானத்துக்கு அப்புறம் தண்ணி குடிக்க மாட்டேன்" என்றார். ஏன் என்றேன். கட்டணக் கழிப்பறையை ராத்திரி 10 மணிக்குப் பூட்டிவிடுவார்கள், காலை 5 மணி வரைக்கும் போக இடம் இல்லை. வெயில் காலத்திலும் அப்படித்தான். பெரிய மகளுக்கு 11 வயசு, அவளையும் அப்படியே பழக்கிவிட்டார். அந்த மகள் என் பள்ளியில்தான் படித்தாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் டம்ளரைத் தள்ளி வைப்பாள். சாப்பிட்டால் தண்ணி குடி என்று எத்தனை நாள் அதட்டியிருக்கிறேன். ஏன் குடிக்கவில்லை என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தத் தெருவில் அன்று பேசிய 26 பெண்களில் 19 பேர் ஏதோ ஒரு விதத்தில் அதையே சொன்னார்கள். "என்ன வேணும்" என்று கேட்டபோது ஒருவர்கூட கழிப்பறை என்று சொல்லவில்லை, கூச்சம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஒரே பக்கத்தில் எழுதி, அந்தப் பெண்களில் மூன்று பேரையே கூட்டிக்கொண்டு வார்டு அலுவலகத்துக்கு நடந்தோம். மூன்று மாதம் ஆனது. கடைசியில் பூட்டுவதை நிறுத்தினார்கள், ராத்திரிக்கு ஒரு பெண் காவலாளியும் வந்தார்.

அதனால் 42 கேள்வியைக் கிழித்துப் போட்டுவிட்டு நேற்றைக் கேளுங்கள். தண்ணீர் எங்கே பிடித்தீர்கள், காசு எவ்வளவு, எங்கே சமைத்தீர்கள், பெட்டியை யார் பார்த்துக்கொண்டார்கள், ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள் என்பதெல்லாம் அதில் தானாக வரும்.

போட்டோ எடுக்காதீர்கள். எந்த இடத்தில் யார் படுக்கிறார்கள் என்று மேப் போட்டு எங்கும் வெளியிடாதீர்கள். லாரி பற்றிய அந்த ஆயாவின் பயம் அனுபவத்தில் வந்த பயம். பட்டியல் எடுத்ததும் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் ஏற்றி அனுப்பியது ஊரறிந்த கதை. விடிகாலை நான்கு மணிக்குக் கொத்தவால் சாவடிப் பக்கம் நிற்க வேண்டியவருக்கு நகரத்தின் தென்கோடியில் வீடு கொடுத்தால் அவர் எந்த பஸ்ஸில் வருவார்?

பதில்: ஏழுகிணறு குடியிருப்போன்

டீச்சர் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் ஒன்று புரியவில்லை. நான் இதே பகுதியில்தான் 40 வருஷமாகக் குடியிருக்கிறேன். மாநகராட்சிக் காப்பகங்கள் இருக்கின்றன, இலவசம், சாப்பாடும் கிடைக்கிறது. கட்டில் காலியாகக் கிடக்கிறது என்றும் சொல்கிறார்கள். இருந்தும் போக மறுக்கிறார்களே? எங்கள் வீட்டு வாசலில் ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, மழையில் பிள்ளைகள் நனைவதைப் பார்க்க முடியாமல்தான் கேட்கிறேன்.

பதில்: சத்துணவு டீச்சர்

ஐயா, நல்ல கேள்வி. உங்கள் வாசலில் இருக்கிற குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான காப்பகங்கள் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், 14 வயசுப் பையன் மூன்றாவது பக்கம் போக வேண்டும். குடும்பமாகத் தங்குகிற இடம் ரொம்பக் குறைவு. டிரங்குப் பெட்டியும் அடுப்பும் பூ கூடையும் உள்ளே வைக்க இடம் இருக்காது, வெளியே விட்டால் காணாமல் போகும். விடியும் முன்னே வேலைக்குக் கிளம்புகிறவருக்குக் கதவு திறக்க ஆள் வேண்டும். தனியாக இருக்கிற முதியவர்களும் நோயில் இருப்பவர்களும் காப்பகத்துக்குப் போய் நன்றாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன், அது அவர்களுக்குப் பொருந்துகிறது. மற்றவர்கள் விஷயத்தில், காலியாகக் கிடக்கிற கட்டிலை வைத்துத் தேவை இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

பதில்: மீன்பாடி மகன்

நான் அங்க பிறந்து வளந்தவன். இப்போ எலக்ட்ரீசியன், வியாசர்பாடியில வாடகை வீடு. டீச்சர் எழுதினதப் படிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்துட்டேன்.

சின்ன வயசுல எங்க தெருவுக்குக் கணக்கெடுக்க வருவாங்க. பிஸ்கட் பாக்கெட் கொடுப்பாங்க, கேள்வி கேப்பாங்க, போட்டோ எடுப்பாங்க. ஒரு நிறுவனத்துக்காரங்க எங்க அம்மாவ அடுப்புப் பக்கத்துல உக்கார வெச்சு, நல்ல சேலையில இருந்தாங்கன்னு பழசை மாத்திக்கச் சொல்லி எடுத்தாங்க. அடுத்த வருஷம் ஒரு கடை சுவத்துல மாட்டியிருந்த காலண்டர்ல அந்தப் படத்தப் பாத்தோம். அம்மா ஒண்ணுமே சொல்லல. அதுலருந்து யாரு பேனா எடுத்தாலும் எழுந்து போயிருவாங்க.

யாரும் திரும்பி வந்து, உங்கள இத்தன பேருன்னு எண்ணுனோம், இதான் வந்துச்சுன்னு சொன்னதே இல்ல. நீங்க சொல்லுங்க. அதே தெருவுல உக்காந்து சத்தமா படிச்சுக் காட்டுங்க. தப்பு இருந்தா அவங்களே திருத்துவாங்க. "அவரு போன மாசம் செத்துட்டாரு, அடிச்சுரு. அங்க ஒரு பொண்ணு இருக்கு, எழுதல"ன்னு சொல்லுவாங்க.

இன்னொண்ணு. தெருவுல சில பேரு தனக்குத்தானே பேசிக்கிட்டு இருப்பாங்க. அவங்கள விட்டுடாதீங்க. பக்கத்துல படுக்கிறவங்களக் கேட்டா எப்போ வந்தாங்க, யாரு சோறு போடுறாங்கன்னு எல்லாம் தெரியும். எங்க அம்மா அப்படி ஒருத்தருக்கு ஒன்பது வருஷம் சோறு போட்டாங்க. அவரு பேரு கடைசி வரைக்கும் தெரியாது.

எங்கம்மா ரேஷன் கார்டு மூணு கவர் போட்டுச் சுத்தி, டிரங்குப் பெட்டிக்கு அடியில செங்கல்லுக்குக் கீழ வெச்சிருப்பாங்க. பெட்டிய இரும்புக் கிராதியில சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கும். மழைன்னா முதல்ல அத எடுத்து இடுப்புல சொருகிட்டுத்தான் எங்களத் தூக்குவாங்க. கார்டு இல்லாதவங்க எத்தன பேருன்னு அவசியம் கேளுங்க.

பதில்: வக்கீல் குமாஸ்தா

தம்பி சொன்ன இரண்டுக்கும் வழி உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவுப்படி, மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் தெருவில் திரிகிறவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது காவல் நிலையத்தின் கடமை. நம் பக்கத்துக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது.

கார்டு இல்லாதவர்களுக்கு முதலில் வாக்காளர் அட்டை வாங்குங்கள், அதற்குப் படிவம் 6. வீடற்றவர்களிடம் முகவரிச் சான்று கேட்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. படிவத்தில் எழுதிய இடத்துக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்த்தால் போதும். கையில் ஒரு அட்டை வந்துவிட்டால் மற்ற மனுக்களுக்கு அதைக் காட்ட முடியும். பள்ளியில் சேர்க்கும்போது வயதுச் சான்று இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பவும் கூடாது, கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு அதைச் சொல்கிறது.

கேட்டவர்: மின்ட் வாசகன்

எழுதிய எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து இப்போதுதான் வருகிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய படிவத்தைத் தூக்கிப் போட்டோம். போன வெள்ளிக்கிழமை இரவு 11.15க்கு இரண்டு ஜோடியாகப் போனோம். நான்கு தெருக்கள். எங்கள் கணக்கு 143, மற்ற ஜோடிக்கு 151. ஒன்பது பேர் வண்டிப் பலகைமேல் இருந்தார்கள். டீச்சர் சொல்லாமல் இருந்திருந்தால் அவர்களை மூட்டை என்றுதான் நாங்களும் நினைத்திருப்போம். சென்ட்ரலில் பையோடு உட்கார்ந்திருக்கிறவர்களை எண்ண இன்னும் வழி தெரியவில்லை. எங்கள் குழுவில் இரண்டு பெண்கள் அடுத்த வாரம் அங்கே போய் ஒரு ராத்திரி முழுக்க உட்காரப் போகிறார்கள்.

மறுநாள் மத்தியானம் அந்த ஆயாவிடம் போனேன். தாள் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். பூ கட்டத் தெரியாது, நார் கிழித்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் பேசவில்லை. பிறகு அவரே, "லாரிக்காரன் இல்லியா நீ?" என்றார். நேற்றைக் கேட்டேன். முழுசாகச் சொன்னார். அவரிடம் ரேஷன் கார்டு இல்லை, 2015 வெள்ளத்தில் போய்விட்டதாம். அதற்கப்புறம் ஓட்டும் போட்டதில்லை.

நேற்று அவருக்குப் படிவம் 6 எழுதினோம். முகவரி கேட்கிற இடத்தில் என்ன போடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்து, பின்னால் இருந்த விளக்குக் கம்பத்தின் தூசியை முந்தானையால் துடைத்தார். பெயின்டில் எழுதிய எண் தெரிந்தது. அதைத்தான் எழுதியிருக்கிறோம். அலுவலர் ராத்திரி எந்த நாள் வருவார் என்று தெரியாததால், அதுவரை பேத்தி வீட்டுக்குக்கூடப் போக மாட்டேன் என்று அங்கேயே படுக்கிறார்.